வரம் அல்ல, வழி

201 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். 1977இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில், சகுந்தலா தேவியின் முன் அது வைக்கப்பட்டது. அதன் 23ஆம் மூலம் என்ன? அதாவது, எந்த எண்ணை 23 தடவை எழுதிப் பெருக்கினால் இது கிடைக்கும்? 50 விநாடிகளில் விடை சொன்னார்: 54,63,72,891. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா இலக்கங்களும் அதில் ஒவ்வொரு முறை வருகின்றன.

‘மனிதக் கணினி’ என்றார்கள். அற்புதம் என்றார்கள். அந்தப் பட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை.

நான் தமிழ் படித்தவள். ஆனாலும் அந்த எண் என்னை விடவில்லை. கால்குலேட்டரோடு உட்கார்ந்து பார்த்தேன். 201 இலக்க எண்ணுக்கு 23ஆம் மூலம் முழு எண்ணாக இருந்தால், அது ஏறத்தாழ 49 கோடியே 62 லட்சத்துக்கும் 54 கோடியே 84 லட்சத்துக்கும் நடுவில்தான் இருக்க முடியும். இந்த எண்ணின் முதல் இலக்கம் 9. அதைப் பார்த்ததுமே கீழ் எல்லை 54 கோடியே 59 லட்சத்துக்கு ஏறிவிடுகிறது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 71. அப்படி முடிய வேண்டுமானால் மூலம் 91இல்தான் முடியும். வேறு எதுவும் பொருந்தாது. கடலாகத் தெரிந்த எண், இரண்டு பக்கமும் கரை கட்டிய வாய்க்காலாகிவிடுகிறது.

சகுந்தலா தேவி போன வழி இதுதான் என்று நான் சொல்லவில்லை. வழி என்று ஒன்று இருக்கிறது என்கிறேன். அவர் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவரில்லை. சிறுமியாக இருந்தபோதே மேடை மேடையாகக் கணக்குப் போட்டுக் குடும்பத்துக்குச் சம்பாதித்தவர். அந்த 50 விநாடிகளுக்குப் பின்னால் அத்தனை வருட உழைப்பு இருந்தது. ‘அற்புதம்’ என்ற ஒரே சொல் அதை முழுவதுமாக மூடிவிட்டது. அதே 1977இல் தன்பால் ஈர்ப்பாளர்களைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார் என்பதும் பலருக்குத் தெரியாது. கணினி என்று அழைக்கப்பட்டவருக்கு, ஒதுக்கப்பட்ட மனிதர்கள் மீது அக்கறை இருந்தது.

இப்படி மூடும் சொற்கள் நம் வீடுகளிலும் உண்டு. கைமணம், கைராசி. எங்கள் அம்மாச்சி இருநூறு பேர் பந்திக்கு எத்தனை படி அரிசி, எத்தனை தேங்காய் என்று நின்ற இடத்திலேயே சொல்வாள். முதல் பந்தியில் குழந்தைகள் எத்தனை, கடைசிப் பந்தியில் வேலையாட்கள் எத்தனை என்று பிரித்துப் பெருக்கிக் கூட்டியிருப்பாள். ஊர் அவளைக் கைராசிக்காரி என்றது. கணக்குத் தெரிந்தவள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

கவிதை வாசிக்க மேடையேறும்போது என்னையும் ‘பிறவிக் கவிஞர்’ என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். பதினொரு முறை அடித்துத் திருத்திய தாள் என் கைப்பையில் இருக்கும்.

அதனால் என் மாணவிகளிடம் சொல்வேன்: யாராவது உங்களை வரம் வாங்கி வந்தவள் என்று பாராட்டினால், நன்றி சொல்லுங்கள். எத்தனை நாள் உழைத்தீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.