அஞ்சு ஓட்டையும் ஆறு ஓட்டையும்

எங்க பக்கம் வெள்ளனவே ஜீப் சத்தம் கேட்க ஆரம்பிச்சுரும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியா கேரளா மலையில இருக்கிற ஏலத்தோட்டங்களுக்கு நம்ம பொம்பளையாளுக வேலைக்குப் போறது அந்த ஜீப்புகள்லதான். என் தம்பி மகனும் ஒரு பழைய மகேந்திரா ஜீப் ஓட்டுறான். அதுல தினமும் ஏறுறவங்கள்ல என் கூடப்பிறந்த தங்கச்சியும் ஒருத்தி.

போன வருசம் ஒருநாள் வந்து நின்னான். "பெரியப்பா, நாலு அலாய் வீல் சல்லிசா வருது. ஃபார்ச்சூனர்ல கழட்டினது. கொஞ்சம் பணம் குறையுது." திராட்சை வித்த காசு கையில இருந்துச்சு. வண்டி லட்சணமா இருக்கட்டுமேன்னு நானும் குடுத்துட்டேன். கொண்டுவந்து மாட்டிப் பார்த்தப்பதான் தெரிஞ்சது: ஜீப்புக்கு அஞ்சு ஓட்டை, அந்த வீலுக்கு ஆறு.

"ஹப்புல புதுசா ஓட்டை போட்டு ஸ்டட்டை மாத்திக்கலாம்"னு யாரோ சொல்ல, லேத் பட்டறைக்குப் போனோம். வயசான மேஸ்திரி. ஒரு அட்டையை எடுத்து, கவராயத்தால வட்டம் போட்டார்.

"ஓட்டைகளோட நடுப்புள்ளியைத் தொட்டுப் போற வட்டத்துக்கு பி.சி.டி.ன்னு பேரு. ஜீப்புக்கு 139.7 மில்லி, அதாவது அஞ்சரை இஞ்சு. இந்த வீலுக்கும் அதே 139.7தான்."

பையன் முகம் மலர்ந்துருச்சு.

"அதுதான் தம்பி வம்பே. அஞ்சும் ஆறும் ஒரே வட்டத்துல விழணும். ஒரு ஓட்டையைப் பொதுவா வச்சுக்கிட்டாலும், அடுத்த புது ஓட்டை பழைய ஓட்டைக்குப் பக்கத்துல, நடுவுக்கு நடு 14.6 மில்லியில வருது. ஸ்டட்டு அரை இஞ்சு, 12.7 மில்லி. கழிச்சுப் பாரு."

கழிச்சோம். நடுவுல மிஞ்சுற இரும்பு ரெண்டு மில்லிகூட இல்ல.

"பழைய ஓட்டையை வெல்டு வச்சு அடைச்சா?"ன்னு கேட்டேன். சூடு பட்ட இரும்போட குணம் மாறிரும், விரிசல் எங்க விடும்னு சொல்ல முடியாதுன்னார். நடுவுல அடாப்டர் கடைஞ்சு போடுறதையும் கேட்டான் பையன். இந்த நெருக்கத்துக்கு ஒரு இஞ்சுக்கு மேல தடிப்பு வேணுமாம். அம்புட்டுக்கும் சக்கரம் வெளிய தள்ளிப்போகும், பேரிங்குக்குப் பாரம் ஏறும்னார்.

எனக்கு அது உடனே பிடிபட்டுச்சு. தண்ணிக் குடத்தை இடுப்போட அணைச்சுத் தூக்குறதுக்கும், கையை நீட்டித் தூக்குறதுக்கும் எம்புட்டு வித்தியாசம்! மர வண்டிச் சக்கரத்துல அச்சு கோக்குற நடுப்பாகத்துக்கே குடம்னுதான் பேரு. எங்கப்பா வண்டி பூட்டுறதுக்கு முன்னாடி குடத்தையும் கடையாணியையும் தொட்டுப் பார்க்காம ஏறமாட்டார்.

"எத்தனையோ பேர் போட்டு ஓட்டுறாங்களே?"ன்னான் பையன்.

மேஸ்திரி கண்ணாடியைக் கழட்டினார். "உன் வண்டில யாரு ஏறுவா?"

"ஏலத்தோட்டத்துக்குப் போற ஆளுக... எங்க அத்தை..." அதுக்கு மேல அவன் பேசல.

"அப்ப நான் தொடமாட்டேன். அஞ்சு ஓட்டை வீலாவே தேடி வாங்கு." கையில வந்த வேலையை வேணாம்னு அனுப்பினவர், அட்டையில கணக்குப் போட்டதுக்குக் காசும் வாங்கல. ஒண்ணு விட்டு ஒண்ணு, நட்சத்திரம் வரையிற மாதிரி நட்டு முறுக்கணும், வீலைக் கழட்டி மாட்டினா அம்பது, நூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப முறுக்கிப் பார்க்கணும்னு சொல்லி அனுப்பினார்.

அலாயை வித்ததுல பாதிக் காசுதான் திரும்புச்சு. பையன் ஒரு வாரம் என்கிட்ட முகங்குடுத்துப் பேசல. நான் பணம் குடுக்கிறப்ப ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். தப்பு என்மேலயும் இருக்கு.

இப்பவும் அதே கறுப்பு இரும்பு வீலுதான். தினமும் ஆள் ஏறுறதுக்கு முன்னாடி வீல் ஸ்பேனரோட நாலு சக்கரத்தையும் ஒரு சுத்து சுத்தி வர்றான். பட்டறை கதை எதுவும் என் தங்கச்சிக்குத் தெரியாது. "உன் மகன் தினமும் அஞ்சு நிமிசம் லேட்டாக்குறாண்ணே"ன்னு என்கிட்ட வந்து குறைபடுது.