இறாலுக்கு முன்னாடி ஒரு பூஜ்யம்

படிக்கிறது பி.காம். மூன்றாம் வருஷம். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட கொஞ்சூண்டு மைஎஸ்கியூஎல் தெரியும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு மாமாவின் பில்லிங்கில் கை வைத்த கதை இது. இன்ஜினியரிங் படிக்கிற நண்பர்கள் சிரித்துக்கொள்ளலாம் :-)

மாமாவுக்கு ராயபுரத்தில் சின்ன வியாபாரம். ராத்திரி மூணு மணிக்கே காசிமேடு போய்விடுவார். ஹோட்டல்களுக்கு மீன், பாக்கெட் போட்ட இறால், ஐஸ் சப்ளை. பில்லிங் ப்ரோக்ராம் எழுதிக்கொடுத்த பையன் இப்போது பெங்களூரில். போனை எடுப்பதில்லை.

போன மாசம் ஒரு ஹோட்டலிலிருந்து பில் திரும்பி வந்தது. எச்எஸ்என் கோடு தப்பாம். இறாலுக்கு 0306 என்று வரவேண்டிய இடத்தில் 306. கணக்கு சரியாக ஏறினால்தான் அவர்களுக்கு வரி வரவு கிடைக்கும், சரியாகும் வரை பணம் கிடையாது என்றுவிட்டார்கள். "இன்னாடா மாப்ள, ஒரு சைபருக்காக துட்ட நிறுத்துவானா?" என்றார் மாமா. நிறுத்துவான் மாமா.

உலகம் முழுக்க 1988-லிருந்து புழங்கும் சரக்குப் பட்டியல் அது. மீனும் இறாலும் 03-ஆம் அத்தியாயம். வரிசையில் முன்னாடி பிறந்த பாவத்துக்குத் தலையில் பூஜ்யம். ப்ரோக்ராம் எழுதியவர் அந்தக் காலத்தை 'இன்ட்' என்று, அதாவது முழு எண் என்று வைத்துவிட்டார். எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்யத்துக்கு அங்கே மதிப்பில்லை, சேமிக்கவே சேமிக்காது. ஐஸ் 2201, அதனால் தப்பித்தது.

சரி, காலத்தை 'வார்சார்' ஆக்கினால் போச்சு என்று ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்தேன். ஸ்கிரிப்டில் மூன்று 'ஆல்டர் டேபிள்'. ஒன்று, அளவுக்கு ஒரு புதுக் காலம். இரண்டு, எச்எஸ்என் மாற்றம். மூன்றாவது என் அதிகப்பிரசங்கித்தனம்: வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் காலியாக இருக்கவே கூடாது என்று 'நாட் நல்'. ஓடவிட்டேன். பிழை 1138, நல் மதிப்பைத் தப்பாகப் பயன்படுத்துகிறாய் என்றது. எதையோ திருத்தி மறுபடி ஓடவிட்டால் பிழை 1060, அதே பெயரில் காலம் ஏற்கெனவே இருக்கிறதாம்!

வயிற்றைக் கலக்கிவிட்டது. ஸ்கிரிப்டின் தலையில் 'ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன்' போட்டிருந்தேன், தப்பானால் 'ரோல்பேக்' என்று நம்பிக்கை. மைஎஸ்கியூஎல்லில் 'ஆல்டர் டேபிள்' வந்த உடனே, அதுவரை செய்ததெல்லாம் தானாகக் கமிட் ஆகிவிடும் என்று அப்புறம்தான் படித்தேன். போஸ்ட்கிரெஸ் என்றால் திரும்பியிருக்கும். ஆக முதல் இரண்டு மாற்றமும் நடந்துவிட்டது, மூன்றாவது மட்டும் நிற்கிறது. பேக்கப்? எடுக்கவில்லை. அஞ்சு மணிக்கு முதல் பில் போட்டாக வேண்டும்.

மூன்றாவதை முதலில் பார்த்தேன். ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளர் எல்லாம் தள்ளுவண்டி அக்காக்கள், சின்ன மெஸ்காரர்கள். பதிவே இல்லாதவர்களிடம் எண் எங்கிருந்து வரும்? தப்பு தகவலில் இல்லை, என் நிபந்தனையில். அந்த வரியை அழித்தேன். ஏற்கெனவே ஓடிவிட்ட முதல் வரியையும் எடுத்தேன்.

எச்எஸ்என் காலம் இப்போது எழுத்து. ஆனால் உள்ளே அதே 306. காலத்தை மாற்றினால் பூஜ்யம் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன் பாருங்கள்! டைப் அடித்த அன்றைக்கே போனது எப்படி வரும்? சில இறாலுக்கு ஆறு இலக்கம் போட்டிருந்தார்கள், 030617. அது 30617 ஆகி நின்றது. எல்லாவற்றையும் நாலு இலக்கத்துக்கு நிரப்பவும் முடியாது.

ஒரு மணி வாக்கில் காமர்ஸ் மூளை கைகொடுத்தது. எச்எஸ்என் கோடு 2, 4, 6, 8 இலக்கங்களில்தான் வரும். ஒற்றைப்படையில் நிற்பதெல்லாம் பூஜ்யம் தொலைத்தவை! நீளத்தை இரண்டால் வகுத்து மீதி 1 வந்தால் முன்னால் '0' ஒட்டு. ஒரே 'அப்டேட்' வரி. தெரியாமல் இரண்டு தடவை ஓடினாலும் கெடாது, முதல் தடவையிலேயே இரட்டைப்படை ஆகிவிடுமே. இந்த முறை டம்ப் எடுத்து பென்டிரைவில் போட்ட பிறகுதான் என்டர் தட்டினேன்.

மூணு மணிக்கு மாமா எழுந்து வந்து, "தூங்கலியா?" என்றார். பழைய பில் ஒன்றைத் திரும்ப அடித்துக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "0306... சரி, வண்டி சாவி எங்கடா?" என்று கிளம்பிவிட்டார். ஹோட்டல் பணம் அடுத்த வாரம் வந்தது.