ரிவர்ஸ்டன் காற்றும் சிற்றியந்திரமும்

மாத்தளையினின்றும் இரத்தோட்டைக்குச் சென்ற யாம், மாணவர் இருவருடைய வானொலி விமானம் அங்கே பறக்கக் கண்டு களித்தோம். மெதனோலும் ஆமணக்கெண்ணெயும் கலந்து பருகும் அதன் சிற்றியந்திரம் வண்டென ஒலித்தது.

பின்னர் நக்கிள்ஸ் மலைச்சாரலில் வளைந்தேறி, ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்து ரிவர்ஸ்டனை அடைந்தோம். அங்கே இயந்திரத்தை முடுக்கினால், புகை கக்கித் திணறிற்று! மாணவர் முகம் வாடினர். பழுது ஒன்றுமில்லை, மலைக்காற்று அடர்த்தி குறைந்தது, எனவே எரிபொருள் விகிதம் மிகுந்துவிட்டது. ஊசி வால்வைச் சிறிதே இறுக்கினோம், சுருதி சேர்ந்தது. ஆயினும் வலிமை சற்றுக் குறைவே. மலைநாட்டார் ஓரளவு பெரிய இயந்திரத்தைத் தேர்தல் நன்று. காற்று சுழன்றடித்தமையால் பறக்கவிடாது மீண்டோம்.

இரத்தோட்டைக்கு இறங்கியதும் முதல் வேலையாக வால்வைத் தளர்த்தினோம். மறந்திருப்பின், எரிபொருளோடு எண்ணெயும் குறைந்து, சூடேறி, இயந்திரம் இறுகியிருக்கும். ஏறும்போது செய்த திருத்தத்தை இறங்கும்போது மறவாதிருப்பதே அறிவு.