இரவல் வாங்கிய ஜெபம்



சென்ற மாதம் நம் வாலிபர் ஐக்கியத்தார் என்னிடம் ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தார்கள். ஞாயிறு ஆராதனையில் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ பாடுவதைக் குறைத்து, இக்காலத்துப் பாடல்களுக்கு இடம் தரவேண்டும் என்பதே அது. பணிவாகத்தான் கேட்டார்கள். ஆயினும் செய்தி சபைக்குள் பரவிற்று. அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் தாய்மார்கள் சிலர் வாசலில் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார்கள். ஒரு பாட்டுக்காகவா இத்தனை மனவருத்தம் என்று வாலிபர் வியந்தனர். அந்த வியப்பை முன்வைத்தே இவ்வாரம் எழுதுகிறேன்.

ஃபாதர் எஸ். ஜே. பெர்க்மான்ஸ் கத்தோலிக்கக் குருவாக இருந்து, பின்னர் தனி ஊழியத்திற்கு வந்தவர். அதற்குப் பின்னும் எல்லாச் சபையாரும், பெந்தெகொஸ்தே விசுவாசிகள் உட்பட, அவரை ‘ஃபாதர்’ என்றே அழைக்கிறார்கள். பாடல்களை எழுதுகிறவரும் பாடுகிறவரும் அவரே. முப்பதுக்கும் மேற்பட்ட தொகுப்புகள் வந்துள்ளன. நம் மூத்தோர் அவற்றை எண்ணைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். இன்னின்ன வால்யூம் வந்த வருஷம் மூத்தவள் பிறந்தாள் என்று குடும்பக் கணக்கே அதை வைத்து ஓடும். அவருடைய குரலைச் சங்கீத மேடைக்குரியது என்று எவரும் சொல்லார். அது ஜெப அறையின் குரல். வேதவசனத்தை எடுத்து, ஆண்டவரைப் பார்த்து நேரே பேசுகிற வாக்கியமாக்கி, எழுத்தறியாதவரும் இரண்டாம் சுற்றிலேயே சேர்ந்து பாடும்படி திரும்பத் திரும்பச் சொல்லும் முறை அவருடையது.

இங்கே முதலிபாளையத்தில் அது எப்படி வேரூன்றியது என்பதற்கு நம் சபையின் வரலாறே விடை. நம்மில் பெரும்பாலோர் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் தேனியிலும் இருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். சொந்த ஊரில் ஆலயமணி கேட்கும் தூரத்தில் வாழ்ந்தவர்களுக்கு இங்கே கிடைத்தது ஒரு லைன் வீடும் ஒரு டேப் ரிக்கார்டரும். சனிக்கிழமைச் சம்பளத்தில் வாடகை, அரிசி, சீட்டுப் பணம் போக மிஞ்சியதில் வாங்கிய கேசட் அது. சிட்கோவில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு வாரநாள் கூட்டங்களுக்கு வர ஏது நேரம்? கேசட்டே அவர்களுக்கு வாரநாள் ஆராதனை.

2011 ஜனவரி இறுதியில், நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆறு செத்துக்கொண்டிருந்தது, தீர்ப்பைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் ஆற்றைக் கெடுத்துப் பொருள் சேர்த்தவர்களைவிட, கூலிக்குத் துணி முக்கியவர்கள்மேல்தான் அதன் பாரம் முதலில் விழுந்தது. அப்போது நான் இதே வட்டாரத்தில் வேறொரு சபையில் இருந்தேன். வேலை இழந்த சகோதரர் ஒருவர், இரண்டு மாதம் ஆலயத்துக்கே வராதவர், ஓர் இரவு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். “ஐயா, என்னால ஜெபம் பண்ண முடியல. வீட்டுல அந்தக் கேசட் ஓடும்போது வாய் மட்டும் கூட அசையுது. மனசு அதுல இருக்கான்னே தெரியல. இதைக் கர்த்தர் ஜெபம்னு எடுத்துக்குவாரா?”

இறையியல் கல்லூரியில் எழுதிய எந்தத் தேர்விலும் இவ்வளவு கடினமான கேள்வி எனக்கு வந்ததில்லை. நான் அவருக்குச் சொன்னது இதுதான். நம் ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது, தாம் கைவிடப்பட்ட வேதனையைச் சொல்லப் புதிய சொற்களைத் தேடவில்லை. சிறுவயதுமுதல் ஜெபஆலயத்தில் கேட்டுப் பழகிய 22ஆம் சங்கீதத்தின் முதல் சொற்களை எடுத்துக்கொண்டார். தேவகுமாரனே இன்னொருவர் எழுதிய பாட்டை இரவல் வாங்கி ஜெபித்தார் என்றால், சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரின் அசைகிற வாயைப் பிதாவானவர் தள்ளிவிடுவாரோ? அவர் அழவில்லை, தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். மறு ஞாயிறு வந்தார்.

உபாகமம் 31ஆம் அதிகாரத்தில் ஒரு வியப்பான காரியம் உண்டு. மோசேயின் மரணம் நெருங்குகிறது. சட்டம் ஏற்கெனவே எழுதப்பட்டாயிற்று. ஆனாலும் கர்த்தர் ஒரு பாட்டை எழுதி இஸ்ரவேல் புத்திரருக்குப் படிப்பிக்கச் சொல்கிறார். ஜனங்கள் வழிதவறிப் பல தீங்குகள் நேரிட்ட பிறகும், சந்ததியாரின் வாயில் அந்தப் பாட்டு மறந்துபோகாமல் நின்று சாட்சி சொல்லும் என்பதே காரணம். பிரசங்கியாக இதை வாசிக்கையில் எனக்குச் சற்று வெட்கமாகவும் இருக்கிறது. என் பிரசங்கத்தின் மூன்று குறிப்புகளைப் புதன்கிழமைவரை நினைவில் வைத்திருப்பவர் நம் சபையில் எத்தனை பேர்?

நம் சபையில் ஒரு தாயார் இருக்கிறார்கள். வீட்டில் ஓவர்லாக் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தைத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். கேசட் பழுதானதும் மகன் ஃபாதரின் பாடல்கள் எல்லாவற்றையும் கைபேசியில் ஏற்றிக்கொடுத்தான். சில நாட்களில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். “பாட்டெல்லாம் இருக்கு, கேசட் இல்ல” என்றார்கள். மகனுக்கு விளங்கவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது: கைபேசி பாடல்களைக் கலைத்துப் போடுகிறது. கேசட்டிலோ ஒரு பாட்டு முடியும்போதே அடுத்தது வாயில் வந்து நிற்கும். நடுவிலுள்ள அந்த மூன்று நொடி மௌனத்தில் அடுத்த பண்டலை எடுத்து வைப்பார்கள். ஏ பக்கம் முடிந்ததும் எழுந்து திருப்பிப் போடுவார்கள். அப்போதுதான் தண்ணீர் குடிப்பார்கள். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களை எழுப்பிவிட்டது அந்தக் கேசட்தான்.

வரிசையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கும் வாலிபருக்கு, 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்களை ஒரே அமர்வில் வாசிக்கும்படி சொல்வேன். பதினைந்து பாட்டுகள். முதலாவது, மேசேக்கிலும் கேதாரின் கூடாரங்களிலும் அந்நியனாய்க் குடியிருப்பவனின் பெருமூச்சு. கடைசியானது, இரவில் தேவாலயத்தில் நிற்கும் ஊழியக்காரருக்குச் சொல்லும் வாழ்த்து. கலைத்துப் போட்டாலும் ஒவ்வொன்றும் நல்ல சங்கீதமே. ஆனால் பயணம் காணாமற்போகும்.

அந்தத் தாயாரிடம் இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ஆராதனையில் ஒரு குறிப்பிட்ட பாட்டு வரும்போது, ஓரிடத்தில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டுத் தொடர்வார்கள். டேப் சிக்கி அறுந்து, அவர்களுடைய கணவர் நகப்பூச்சு வைத்து ஒட்டிய இடம் அது. கணவர் இன்று கர்த்தருக்குள் நித்திரையில் இருக்கிறார். மதுரை அரசரடியில் எங்களுக்குப் போதித்த தியாபிலஸ் அப்பாவு ஐயா, பரட்டை என்று எல்லாரும் அழைத்தவர் (1940–2005), நாட்டுப்புற இசையை ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். பாட்டு அதை எழுதியவனோடு நின்றுவிடலாகாது, ஜனங்கள் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிப் பாடவேண்டும் என்பது அவருடைய கொள்கை. விழுங்கப்பட்ட அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

மூத்தோருக்கும் ஒரு வார்த்தை உண்டு. அபிஷேகம் அந்தப் பாடல்களில் மட்டுமே இருக்கிறது என்று சிலர் பேசுவது தகாது. வனாந்தரத்தில் ஜனங்களைப் பிழைக்கவைத்த வெண்கலச் சர்ப்பத்தைத்தான் எசேக்கியா ராஜா பின்னாளில் உடைத்துப்போடவேண்டியதாயிற்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றியபோது, அதுவும் அக்காலத்துப் புதுப்பாட்டுத்தானே! இன்று நம் சிட்கோவில் வேலைசெய்யும் ஜார்க்கண்ட் தம்பிகள், சாத்ரி மொழியில் தங்கள் ஊர்ப் பாடகர் ஒருவரின் தொகுப்பைக் கைபேசியில் கேட்டுக்கொண்டே உறங்குகிறார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவர்கள் முகம் மட்டும் புரிகிறது.

ஆகவே சபைக் கமிட்டி தீர்மானித்தது இது. ஞாயிறு ஆராதனையில் இரு தரத்துப் பாடல்களும் இருக்கும். இம்மாதக் கடைசி வெள்ளி மாலை ஏழரைக்கு, ஜெயகீதங்களில் ஒரு தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, கேசட்டில் இருந்த வரிசையிலேயே பாடப்போகிறோம். எந்தத் தொகுப்பு என்பதை அந்தத் தாயார் தெரிந்துகொடுத்திருக்கிறார்கள். இசைக்கருவிகளை வாலிபர் வாசிப்பார்கள். ஏ பக்கம் முடிந்ததும் தண்ணீர் குடிக்க ஐந்து நிமிட இடைவேளை உண்டு.