பூசானுக்குப் பதில் ராமேஸ்வரம்!

மே மாதம் வந்தால் ஆடலூர் பக்கம் வெளியூர் கார்கள் ஏறிவரும். குளிருக்காக வருகிறவர்கள் அவர்கள். குளிரிலேயே கிடக்கும் மலைக்காரர்கள் லீவுக்கு எங்கே போவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2025-ல், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த ஒரு பெண் கேட்டாள். நோட்டில் கணக்கெல்லாம் போட்டு வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, பூசான் போலாமா?"

"அது எங்க இருக்கு? பாச்சலூருக்கு அந்தப் பக்கமா?"

பூசான் தென்கொரியாவின் இரண்டாவது பெரிய நகரம். கடலோரம். கொரியன் சீரியல்களைப் பார்த்துப் பார்த்து, அவளுக்கு திண்டுக்கல்லைவிட அந்த ஊர்தான் அத்துப்படி. சியோலிலிருந்து புல்லட் ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம், ஹேயுண்டே கடற்கரை, ஜகல்ச்சி மீன் மார்க்கெட் என்று அடுக்கினாள். தங்க டார்மிட்டரி, சாப்பிட ரோட்டுக்கடை என்று சிக்கனமாகத்தான் போட்டிருந்தாள். ஆனாலும் நாலு பேருக்கு விமான டிக்கெட், விசா என்று கூட்டியதும் அப்பா நோட்டை மூடிவிட்டார். ஒரு ஏக்கர் காபியும் மிளகும் அந்தத் தொகையைத் தாங்காது.

மூடுவதற்குள் அவள் போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். மலைச்சரிவில் படிப்படியாக, பெட்டி பெட்டியாக வீடுகள். பூசானின் கம்சியோன் கிராமம். 1950-களில், கொரியப் போரில் ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் குடியேறிய இடம். இன்று வீடுகளுக்கெல்லாம் கலர் அடித்து, டூரிஸ்ட்டுகள் வரிசையில் நிற்கிறார்கள்.

அப்பாயி எட்டிப் பார்த்தார். "நம்ம லயம் மாதிரியே இருக்கே."

லயமா? அந்த வார்த்தையை அவள் அதற்கு முன் அப்பாயி வாயில் கேட்டதில்லை.

"கடல்தானே பார்க்கணும்? ராமேஸ்வரம் போவோம். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள்ள முடிக்கணும்" என்றார் அப்பா. பெண்ணின் முகம் சுண்டிப்போனது. அதைவிட ஆச்சரியம், எந்தக் கோயில் என்றாலும் முதல் ஆளாகக் கிளம்பும் அப்பாயி, "நான் வரலப்பா. வீட்டைப் பார்த்துக்குறேன்" என்றார். இரண்டு நாள் கெஞ்சிய பிறகுதான் சம்மதித்தார்.

விடிகாலை பஸ்ஸில் பன்றிமலை வழியாக இறங்கி, திண்டுக்கல், மதுரை. அங்கிருந்து முன்பதிவில்லாத பாசஞ்சர். தூக்குவாளியில் புளிசாதம், பையில் மலைவாழைப்பழம். மானாமதுரை, பரமக்குடி என்று வெயில் ஏற ஏற, அப்பாயி ஸ்வெட்டரைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

மண்டபம் ஸ்டேஷன் வந்ததும் அவர் எழுந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "இங்கதான் முகாம்ல எங்களை வச்சிருந்தாங்க."

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். பங்கு என்பதைத் தவிர வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அப்பாயி வந்தது 1974-ல், பதினொரு வயதில். ஹட்டனில் ரயிலேறும்போது பிளாட்பாரம் முழுக்க அழுகை. அந்த ரயிலுக்கே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயராம். அப்பாயி ரயிலைக் கோச்சி என்று சொல்லும்போதெல்லாம் வீட்டில் சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு முகாம், பிறகு கொடைக்கானல் மலையில் கூலி வேலை. கல்யாணமான அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். கடிதம் வந்துகொண்டிருந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு வரவில்லை.

ரயில் புதிய பாம்பன் பாலத்தில் ஏறியது. ஏப்ரல் 6-ம் தேதிதான் திறந்திருந்தார்கள். பெட்டியே போனைத் தூக்கி வீடியோ எடுக்க, அப்பாயி பக்கத்தில் துருப்பிடித்து நின்ற 1914-ம் வருடப் பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவரைக் கொண்டுவந்தது அதுதான்.

கோயில், தீர்த்தம், ஃபேன் மட்டும் உள்ள லாட்ஜ் அறை, எல்லாம் வழக்கம்போல. மறுநாள் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைக்கு பஸ்ஸில் போனார்கள். அதற்குமேல் ரோடு இல்லை, கடல்தான். பெண்ணின் போன் 'டிங்' என்றது. இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம் என்று அந்த ஊர் டவர் மெசேஜ் அனுப்பியிருந்தது. அங்கே போகிறவர்கள் சிரித்துவிட்டு அழித்துவிடுகிற மெசேஜ்தான் அது.

அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். அப்பாயி போனை வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இதுல அக்காவைக் கூப்பிட முடியுமா பாப்பா?"

"நம்பர் வேணுமே அப்பாயி."

"நம்பர் ஏது? தோட்டத்துப் பேரு தெரியும்."

திரும்பும் ரயிலில் கூட்டம். பர்ஸில் 340 ரூபாய் மிச்சம் என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. அப்பாயியும் பேத்தியும் ஒரே ஜன்னலோரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போனில் மேப்பைத் திறந்து வைத்திருந்தார்கள். ஹட்டனுக்குப் பக்கத்தில், பச்சைக்கு நடுவே, வரிசையாகத் தகரக் கூரைகள்.

"இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணு" என்றார் அப்பாயி.