கடல் இல்லாத ஊரில் பிறக்கும் புரொப்பல்லர்

பாளையம்பட்டியில் படகு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாயில் தண்ணீர் நிற்கும். மற்ற மாதங்களில் அது பையன்களுக்குக் கிரிக்கெட் கிரவுண்டு. கடல் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே வேம்பார் பக்கமோ மூக்கையூர் பக்கமோ போக வேண்டும். இப்படிப்பட்ட ஊருக்கும் படகு புரொப்பல்லருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் கிணற்றுக்குள் இருக்கிறது.

கிணற்று பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர், புரொப்பல்லரின் சித்தப்பா மகன். இம்பெல்லர் தண்ணீரைத் தள்ளி மேலே அனுப்புகிறது. புரொப்பல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளிப் படகை முன்னால் அனுப்புகிறது. சித்திரை வெயிலில் கிணறு இறங்கியதும் பம்பு கூழாங்கல்லை அரைப்பது போல ஒரு சத்தம் போடுமே, கேட்டிருப்பீர்கள். "காத்து இழுக்குது" என்று மோட்டாரை நிறுத்துவார்கள். சில சமயம் அது காற்றே இல்லை. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் ரொம்பக் குறைந்தால், தண்ணீர் சூடாகாமலேயே ஆவியாகிக் குமிழ் விடும். அந்தக் குமிழ் அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் நொறுங்கும். ஒவ்வொரு நொறுங்கலும் உலோகத்தின் மேல் விழும் ஒரு குட்டிச் சுத்தியல் அடி. நாளடைவில் இம்பெல்லர் கரையான் அரித்த கட்டை மாதிரி ஆகிவிடும். இதற்குப் பெயர் கேவிட்டேஷன்.

வேகப் படகுக்கும் இதுதான் முதல் எதிரி. இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் 1894-ல் டர்பினியா என்ற நீராவி டர்பைன் படகைக் கட்டினார். என்ஜினுக்குப் பலம் இருந்தும் படகு எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை. ஒற்றை புரொப்பல்லர் தண்ணீரைப் பிடிக்காமல் குமிழுக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. 1895-ல் ஒரு சோதனைத் தொட்டி செய்து குமிழ்களைக் கண்ணால் பார்த்தார் பார்சன்ஸ். பிறகு மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று என்று ஒன்பது புரொப்பல்லர் மாட்டினார். 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கப்பல் அணிவகுப்பில், கூப்பிடாமலேயே உள்ளே புகுந்து எல்லோரையும் ஓட்டத்தில் தோற்கடித்தது டர்பினியா.

சரி, இனி உலோகக் கதை.

சின்ன அவுட்போர்டு என்ஜின்களுக்குப் பெரும்பாலும் அலுமினியம். எஃகு அச்சுக்குள் உருகிய அலுமினியத்தை அழுத்தி அடைப்பார்கள். சில நொடிகளில் இறுகிவிடும். அச்சு செய்யத்தான் பெரிய பணம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் மலிவு. வணிகவியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த பிரேக்-ஈவன் கணக்குதான் இது. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அச்சுக்குப் போட்ட காசு திரும்பும். ஆனால் அலுமினியம் மெத்து உலோகம். பலம் வேண்டுமென்றால் இதழைத் தடிமனாக வைக்க வேண்டும். அதிவேகத்தில் இதழ் லேசாக வளையவும் செய்யும்.

மீன்பிடி விசைப்படகுகளுக்கும் பெரிய கப்பல்களுக்கும் வெண்கல வகைகள். மாங்கனீஸ் வெண்கலம் என்று ஒன்று உண்டு. பெயர்தான் வெண்கலம், உண்மையில் செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. உப்புத் தண்ணீர் அதிலிருந்து துத்தநாகத்தை மெதுவாகத் தின்றுவிடும். மஞ்சள் நிறம் போய் இளஞ்சிவப்பு தெரிந்தால் உள்ளே பலம் போய்விட்டது என்று அர்த்தம். நிக்கல் அலுமினிய வெண்கலம் இதைவிட உயர்ந்த சாதி. செம்பு சுமார் 80 சதவீதம், மீதி அலுமினியம், நிக்கல், இரும்பு. குமிழ் அடியையும் உப்பையும் நன்றாகத் தாங்கும். இவற்றை மணல் அச்சில் வார்ப்பார்கள். ஆறும்போது உலோகம் சுருங்கும் என்பதால் மாதிரியைச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். அதற்கென்று அளவு கூட்டிய தனி ஸ்கேலே உண்டு. அச்சைப் பிரித்த பிறகு இழைப்பு, மெருகு, எடைச் சமன். தண்டில் மாட்டித் தொங்கவிட்டால் கனமான இதழ் தானாகக் கீழே வரும். அதைச் சுரண்டுவார்கள்.

வேகத்துக்கென்றே செய்யும் புரொப்பல்லர் துருப்பிடிக்காத எஃகு. பலம் அதிகம் என்பதால் இதழ் மெல்லியதாக இருக்கலாம், தண்ணீரைக் கத்தி போலக் கிழிக்கும். பந்தயப் படகுகளில் இதழின் பின்விளிம்பை வெட்டிவிட்டது போலத் தடிமனாக விடுவார்கள். குமிழைத் தடுக்க முடியாது என்றான பின், அதைப் பெரிதாக்கி இதழைத் தாண்டிப் போய் உடையட்டும் என்று விட்டுவிடும் தந்திரம் அது.

இந்த எஃகு புரொப்பல்லரை வார்க்கும் முறைதான் ஆச்சரியம். முதலில் மெழுகில் ஒரு புரொப்பல்லர். அதைப் பீங்கான் குழம்பில் முக்கி, மணல் தூவி, காயவைத்து, மறுபடி முக்கி, இப்படிப் பல அடுக்கு ஓடு. பிறகு சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய எஃகை ஊற்றுவார்கள். ஆறியதும் ஓட்டை உடைத்துவிடுவார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து நடராஜரைச் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி, பஞ்சலோகம் ஊற்றுவார்களே, அதே முறை! அங்கே ஒவ்வொரு மெழுகு உருவும் கையால் பிறக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஃபாண்டுலாக் ஊரில் இருக்கும் மெர்க்குரி மரைன் தொழிற்சாலையில் மெழுகும் அச்சில் பிறக்கிறது. ஒரே வித்தை, ஒன்று கோயிலுக்கு, ஒன்று கடலுக்கு.

அப்படியானால் எல்லோரும் எஃகே வாங்கலாமே? விலை பல மடங்கு. இன்னொன்றும் உண்டு. பாறையில் மோதினால் அலுமினிய இதழ் வளைந்து அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். எஃகு வளையாது. நடுவில் ரப்பர் புஷ் இருந்தாலும் மிச்ச அடி தண்டுக்கும் கியருக்கும் போகும். எந்த உலோகம் என்று தேர்ந்தெடுப்பது, முதலில் எது உடைய வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும்தான்.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்போதுதான் விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும். அடிபட்ட இதழைச் சூடாக்கித் தட்டி நிமிர்த்துவார்கள். கண்ணுக்கு நேராகத்தான் இருக்கும். ஆனால் இதழ்களின் சாய்வு ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறினாலும் படகு அதிரும், பேரிங் தேயும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு பிரிப்பது வழக்கம். ஆக, கோணலான இதழின் நட்டம் முதலாளி தலையில் மட்டும் விழுவதில்லை. வலை இழுத்தவன் பங்கிலும் விழுகிறது.

2006-ல் எம்மா மெர்ஸ்க் கப்பலுக்கு சுமார் 130 டன் எடையில் புரொப்பல்லர் வார்த்தது ஜெர்மனியின் வாரன் என்ற ஊர். அங்கே ஏரி உண்டு, கடல் இல்லை. ஃபாண்டுலாக்கும் ஏரிக்கரைதான். பாளையம்பட்டிக் கிணறுகளுக்கு பம்பு வார்த்து அனுப்பும் கோயம்புத்தூருக்கும் கடல் கிடையாது. இதழின் சாய்வை ஒரு மயிரிழை பிசகாமல் வார்த்துக் கொடுக்கக் கடற்கரை தேவையில்லை. அந்த மயிரிழை வேம்பார்க்காரன் வீட்டு அரிசிக் கணக்கு என்று வார்ப்பவருக்குத் தெரிந்தால் போதும்.