போக்குவரவுக் கல்வி

மேற்படிப்பிற்கு எத்துறையை எடுத்தீர்கள் என்று வினவுவாரிடம் போக்குவரவு என்று விடையிறுத்தால், “பஸ் ஓட்டுவதற்கும் பட்டப்படிப்பு வந்துவிட்டதோ!” என்று நகைக்கின்றனர். இக்கலாசாலையில் கணிதமும் பொருளாதாரமும் பயின்று பின்னர் இத்துறை புகுந்த யாம் மூவரும் அந்நகைப்பிற்குப் பழகிவிட்டோம். எனினும், இப்போது இங்குப் பயிலும் இளைய மாணாக்கருட் சிலர் இக்கல்விக்கு என்னென்ன திறமை வேண்டும் என உண்மையாகவே கேட்பதனால், யாம் கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

கணிதம் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆயின் இக்கணிதம் உலகத்தாரின் பொதுவறிவை அடிக்கடி நாணச் செய்வது. புதிய சாலை ஒன்று திறந்தால் நெரிசல் குறையும் என்றே எவரும் எண்ணுவர். ஒவ்வொருவரும் தத்தமக்கு விரைவான வழியையே நாடுமிடத்து, புதிய சாலை சேர்வதனாலேயே அனைவருடைய பயணமும் நீளக்கூடும் என்று டீட்ரிக் பிரெஸ் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் 1968-ஆம் ஆண்டில் காட்டினார். பொருளாதாரம் பயின்றாரும் இத்துறைக்கு அயலாரல்லர். சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1972-இல் பார்ட் ரயில் ஓடத் தொடங்குமுன், வேலைக்குச் செல்வாருள் நூற்றுக்குப் பதினைவர் அதில் ஏறுவர் என்பது அதிகாரிகளின் மதிப்பு. மனிதர் ஒன்றைவிட்டு மற்றொன்றைத் தேர்வது எங்ஙனம் என்று ஆராய்ந்த டேனியல் மக்ஃபேடன் குழுவினர் 6.3 என்றனர், நிகழ்ந்தது 6.2.

அடுத்து வேண்டுவது எண்ணும் பொறுமை. வெயிலில் சாலையோரத்து நின்று வண்டிகளை வகைவகையாய்க் குறித்தல் வேண்டும். நகர்ப்புறமல்லாத சாலைகளுக்கென இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட நெறியின்படி, கார் 1. மோட்டார் சைக்கிள் 0.5, பஸ் 3, மாட்டுவண்டி 8. இதனைக் கேட்டு, முன்னாளில் வண்டி வைத்திருந்த எம்முள் ஒருவருடைய பாட்டனார் பெரிதும் மகிழ்ந்தார்! இவ்வெண் ஒரு வண்டி பிறவற்றிற்கு விளைக்கும் தடையை அளப்பதேயன்றி, அதனுள் இருப்பாரை அளப்பதன்று. அறுபதின்மரைச் சுமந்த பஸ் மூன்றாகவும், ஒருவர் மட்டும் அமர்ந்த கார் ஒன்றாகவும் தாளில் ஏறுகின்றன. நடந்து செல்வாருக்கோ எமக்கு அளித்த தாளில் பத்தியே இல்லை.

யாம் ஆராய்ந்தது ஒரு சிற்றூரின் கடைத்தெரு. அதன் நடைபாதையைக் குறுக்கி வண்டிப்பாதையை அகலமாக்கலாமா என்பதே வினா. சாலையில் எண்ணியது போதாதென்று வீடுவீடாகச் சென்று, முன்னாள் எங்கெங்குப் போய்வந்தனர் என்றும் கேட்டோம். ஒரு மூதாட்டியார், “நான் எங்கே தம்பி போகப்போகிறேன்? வீட்டோடுதான் கிடக்கிறேன்” என்றார். திண்ணையிலிருந்த பேர்த்தி விடவில்லை. “ஆச்சி, என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டது யாராம்?” என்றாள். பின்னர் ஒவ்வொன்றாக வெளிவந்தன: பள்ளிக்கு இருமுறை, ரேஷன் கடைக்கு இருமுறை, மாவரைக்க ஒருமுறை, மருந்துக்கு ஒருமுறை, மாலையிற் கோயிலுக்கு ஒருமுறை. ஏழு நடைகளும் அக்கடைத்தெரு வழியே! அவர் பொய் கூறினாரல்லர்; காசு கொடுத்து ஏறிச் செல்வதே பயணம் என்பது அவர் கருத்து. “போய்வந்தீர்களா” என்பதை விடுத்து, “காலையில் எழுந்தபின் என்ன செய்தீர்கள், அம்மா?” என்று அதன்பின் யாம் கேட்கலானோம். அத்தெருவில், பெண்டிர் விடைகள் இருமடங்காக நீண்டன. எந்நூலும் எமக்கு இவ்வினாவைக் கற்பித்திலது.

நடப்பாருக்கென ஒரு பத்தியை ஓரத்திற் பென்சிலால் வரைந்து மீண்டும் எண்ணினோம். எம் பேராசிரியர் அதனை அறிக்கையிற் சேர்க்க இசைந்தார். ஊரார் இன்னும் முடிவு செய்திலர். வரும் கூட்டத்தில் யாமும் பேசவேண்டும். சமன்பாடுகள் அங்கு உதவா. அதற்கெனத் தெளிந்த தமிழில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டிருக்கின்றோம். ஆராய்ச்சி ஏட்டினும் அதுவே கடினமாக இருக்கின்றது.